ஐம்பத்திரண்டு

எங்கள் பாட்டுகளுக்குப் பெயர் உண்டு. ஆனால் நாங்கள் யாரும் பெயர் சொல்லி அவற்றைக் கூப்பிடுவதில்லை. வேகத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நிமிடத்துக்கு நூற்று இருபது தட்டு என்றால் அந்தப் பாட்டு ‘இருபது’. நூற்று எட்டு என்றால் ‘எட்டு’. நூறு எல்லாப் பாட்டுக்கும் பொது என்பதால் அதை விட்டுவிட்டோம். கடைசியாக வாசிப்பது ‘ஐம்பத்திரண்டு’. மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருக்கும் நேரம் என்று கூட்டத்துக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்தப் பாட்டின் நடுவே ஒரு வரி வரும். எட்டுச் சுற்று, அதாவது முப்பத்திரண்டு தட்டு நீளம். அண்ணன் அதை ஒரே மூச்சில் பாடுவான். பன்னிரண்டரை விநாடி. நடுவில் எங்கேயும் நிறுத்தமாட்டான். வரி முடியும்போது அவன் கழுத்தில் நரம்பு புடைத்திருக்கும், முன்வரிசையில் இருப்பவர்களும் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்து அவர்கள் முகங்களைப் பார்ப்பேன். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

என் இடப்பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். உள்ளங்கை அளவுதான். ஒவ்வொரு பாட்டின் எண்ணையும் அதில் பதித்து வைத்திருக்கிறேன். அது என் காதுக்குள் மட்டும் டிக் டிக் என்று அடிக்கும். நான் பெட்டியைக் கேட்டு வாசிப்பேன், மற்றவர்கள் என்னைக் கேட்டு வாசிப்பார்கள். பெட்டி சொல்வது வேறு யாருக்கும் கேட்காது.

இந்தப் பயணத்தில் மொத்தம் இருபத்திரண்டு ஊர்கள். இரண்டாவது ஊரில் என் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. மறுநாள் காலையில் பல்துலக்கியைப் பிடிக்கும்போது கைப்பிடி பாதிதான் கையில் இருப்பதுபோல் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். முழங்கையில் நரம்பு நசுங்குகிறது என்றார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“டிரம்ஸ் வாசிக்கிறேன்.”

“மூணு மாசம் வாசிக்காதீங்க.”

“வாசிச்சா?”

அவர் தன் பேனாவை மேஜைமேல் வைத்தார். “வாசிச்சா அப்புறம் வாசிக்கவே மாட்டீங்க” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு முன்னால் இந்த ஸ்டூலில் ஒருவன் இருந்தான். வேன் கதவில் விரலை நசுக்கிக்கொண்டான். மதியம் விரல் நசுங்கியது, சாயங்காலம் நான் உட்கார்ந்தேன். அவன் கட்டுப்போட்ட கையோடு கூட்டத்தில் நின்று கேட்டான். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவன் ஒற்றைக் கையால் தொடையில் தட்டினான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி வேனில் யாரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

மூன்றாவது ஊரில் பெட்டியில் ‘ஐம்பத்திரண்டை’ நூற்று ஐம்பத்தொன்றாக மாற்றினேன். மற்றப் பாட்டுகளில் எப்படியோ சமாளிக்க முடிந்தது. இதில் மட்டும் வலது கை விநாடிக்கு ஐந்து தடவை விழ வேண்டும். ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? யாருக்கும் தெரியவில்லை. நான்காவது ஊரில் நூற்று ஐம்பது. ஒவ்வொரு ஊரிலும் ஒன்று. படியில் இறங்குவது மாதிரி இறங்கினேன்.

ஏழாவது ஊரில் கிதார்காரன் வேனில் ஏறும்போதே சொன்னான்: “இடி, நேத்து உன் வாசிப்பு என்னமோ கனமா இருந்துச்சு. யானை நடந்து வர்ற மாதிரி. நல்லாருக்கு, அப்படியே வச்சுக்கோ.”

அவனை நாங்கள் கம்பி என்று கூப்பிடுவோம். அவன் வாசிப்பதும் கம்பி, ஆளும் கம்பி. என்னை அவன் இடி என்பான். பேஸ் கிதார் வாசிப்பவர் சாமியார். கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார், மற்ற நேரத்திலும் பெரும்பாலும் மூடியே இருப்பார், ஓர் ஊருக்கு ஒரு வாக்கியம் பேசினால் அதிகம். வேனை ஓட்டுவதும் ஒலி பார்ப்பதும் டிரைவர். பிறகு அண்ணன். என் சொந்த அண்ணன், என்னைவிட ஏழு வயது மூத்தவன்; நான் அவனுக்கு ஒரே தங்கை. அண்ணி ஊரில் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

எட்டாவது ஊரில் அந்த வரி அவனுக்கு முடியவில்லை. கடைசிச் சொல் வெறும் காற்றாக வந்தது. கூட்டம் அதைக் கவனித்ததா தெரியவில்லை. அவன் கவனித்தான். மேடையிலிருந்து இறங்கி நேராகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கம்பி கதவைத் தட்டினான்.

“அண்ணே, உள்ள குடித்தனம் வச்சுட்டீங்களா? எனக்கும் ஒரு அவசரம் இருக்கு.”

உள்ளேயிருந்து அண்ணன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்ப்பது கேட்டது. ஒவ்வொரு தடவையும் அன்றைய மேடை வேகத்திலேயே பாடினான். காதில் விழுந்து பழகியது அதுதானே. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மூச்சு தீர்ந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பாட்டை மெதுவாக்க மெதுவாக்க அவனுடைய வரி நீண்டுகொண்டே போகிறது. கால் விநாடி, அரை விநாடி. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்கள் அப்பா காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். கடைசிக் கடை வரைக்கும் கேட்கும் குரல். அவருக்கு நோய் வந்தது முதலில் மூச்சில்தான் தெரிந்தது. ஏலத் தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். பதினோரு மாதத்தில் அவருக்குக் குரலே இல்லை, அதற்கடுத்த மாதம் அவரும் இல்லை. அண்ணனுக்கு இப்போது அப்பாவுக்கு நோய் வந்த வயது.

ஒன்பதாவது ஊரில் தொண்டை மருத்துவரிடம் போனோம். “நீயும் வா குட்டி, எனக்குப் பயமா இருக்கு” என்றான். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூக்கில் கொஞ்சம் ரத்தம் வந்தது. நான் துடைத்துவிட்டேன். மருத்துவர், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஊருக்குப் போனதும் பெரிய சோதனைகள் செய்துகொள்ளுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன், “அப்பாவுக்கும் ஒண்ணும் தெரியலன்னுதான் சொன்னாங்க” என்றான்.

அன்றைக்கும் நான் பெட்டியில் ஒன்று குறைத்தேன்.

பன்னிரண்டாவது ஊரிலிருந்து பதின்மூன்றாவது ஊருக்கு ஆறு மணி நேரம். வழியில் பெட்ரோல் நிலையத்தில் எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். நான் பின்சீட்டில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“பாப்பா, அப்பா பேசுறேன்” என்றான். தொண்டையைச் செருமினான். “இது அப்பாவோட குரல். உனக்கு ஞாபகம் இருக்கணும்னு பதிவு பண்ணி வைக்கிறேன். நேத்து நரிக் கதை சொன்னேன். இன்னிக்கு முயலு.”

முயல் கதை முழுவதையும் சொன்னான். முயல் மாதிரியும் பேசினான், ஆமை மாதிரியும் பேசினான். வேனுக்குள் வெயில் கொதித்தது. என் வலது கை மார்பின்மேல் யாரோ வைத்துவிட்டுப்போன சாமான் மாதிரி கிடந்தது. கதை முடிந்ததும் அண்ணன் ஒருமுறை போட்டுக் கேட்டான். பிறகு, “ஆமை சரியா வரல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பதினான்காவது ஊரில் பெட்டி நூற்று நாற்பதைத் தொட்டது. வரி இப்போது முழுதாக ஒரு விநாடி கூடிவிட்டது. அண்ணன் பாதியில் வாயை மூடிக்கொண்டான். மிச்சத்தைக் கம்பி கிதாரில் வாசித்துச் சமாளித்தான்.

மறுநாள் காலை நானும் அண்ணனும் துணி துவைக்கும் கடைக்குப் போனோம். நாணயம் போட்டால் ஓடும் மெஷின்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. ஐந்து பேரின் துணியும் ஒரே மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“இன்னிக்குப் பாடிட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன். சாயங்காலம் மேடையிலயே சொல்லிடுவேன். மத்தவங்ககிட்ட இன்னும் சொல்லல.”

“டூரையா?”

“பாடுறதயே.”

மெஷின் தண்ணீரை வெளியேற்றியது. நான் சொன்னேன்: “அண்ணா, உன் தொண்டைக்கு ஒண்ணுமில்ல. நான்தான் பாட்ட மெதுவாக்கிட்டேன்.”

அவன் திரும்பிப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கை, மருத்துவர், பெட்டி, ஊருக்கு ஒன்று. சொல்லச் சொல்ல அவன் முகம் மிருதுவாகிக்கொண்டே வந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது.

“உங்க அண்ணி சொல்லிக் குடுத்தாளா?”

“இல்லண்ணா. நிஜமா.”

“எந்தக் கை? நேத்து ஒண்ணரை மணி நேரம் வாசிச்சியே, அந்தக் கையா?”

“பெட்டிய வேணா பாரு. நூத்தி நாப்பதுன்னு இருக்கும்.”

“நீ இப்ப மாத்தி வச்சிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?” சிரித்தான். பிறகு என் தலைமேல் கை வைத்தான். “சந்தைல சத்தம் ஜாஸ்தியாயிடுச்சுப்பா, உங்க குரல் அப்படியேதான் இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னது யாரு? நான்தான் முதல்ல சொன்னேன். அப்புறம் நீயும் அம்மாவும் சேந்துக்கிட்டீங்க. எவ்ளோ சந்தோஷப்பட்டாரு. மறுநாளே ஒரு மேஜைய இழுத்துப் போட்டு, அதுமேல ஏறி நின்னு கத்தினாரு. சந்தையே வேடிக்கை பாத்துச்சு.”

மெஷின் நின்றது. நான் கதவைத் திறந்தேன்.

“எனக்கு மேஜை வேணாம் குட்டி” என்றான் அண்ணன். துணியை வெளியே எடுக்க ஆரம்பித்தான்.

உண்மையைச் சொன்னால் என்னென்ன நடக்கும் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். திட்டுவான், அடிப்பான், வேனை நிறுத்தி இறக்கிவிடுவான். அது உண்மை என்றே தெரியாமல் போகும் என்று நினைத்ததில்லை. இனி வாயால் சொல்லிப் பயனில்லை. வாசித்துத்தான் காட்ட வேண்டும்.

பதினைந்தாவது ஊர். சாயங்கால நிகழ்ச்சிக்கு முன்னால் மூன்று மணிக்கு ஒலிச் சோதனை. வெறும் கூடம், நாற்காலிகள்கூட இல்லை. ஒரு பெண் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் டிரைவரிடம் ஒயர் ஒட்டும் கறுப்பு டேப்பை வாங்கினேன். குச்சியை வலது கையில் வைத்து விரல்களோடு சேர்த்துச் சுற்றினேன்.

“என்ன இடி, கைக்குக் கல்யாணமா? பொட்டலம் கட்டுற?” என்றான் கம்பி.

“வழுக்குது.”

பெட்டியில் எண்ணை ஏற்றினேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று ஒவ்வொன்றாகத்தான் ஏறும். நூற்று ஐம்பத்திரண்டு வந்ததும் நிறுத்தினேன். அந்த டிக் டிக் எனக்கே அந்நியமாக இருந்தது. யாரோ விரட்ட ஓடுகிற ஒருவனின் நாடி மாதிரி.

“ஐம்பத்திரண்டு” என்று சொல்லிவிட்டு நான்கு எண்ணினேன்.

முதல் சுற்றிலேயே கம்பி தடுமாறினான். “ஏய், எங்க ஓடுற? ரயிலப் புடிக்கணுமா?” என்று கத்தினான். நான் நிறுத்தவில்லை. சாமியார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, அந்த வேகத்தோடு வந்து சேர்ந்துகொண்டார். அண்ணன் மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்றிருந்தான். வரி வரும் இடம் வந்தது. அவன் பாடவில்லை. அந்த எட்டுச் சுற்றும் சும்மாவே போயிற்று.

முழங்கையிலிருந்து சூடான ஊசி ஒன்று சுண்டுவிரல் வரைக்கும் போய்த் திரும்பியது. அதன் பிறகு கையே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் அது அடிக்கிறது என்று தெரிந்துகொண்டேன். முடிக்காமல் பாட்டைத் திரும்ப அந்த இடத்துக்கே கொண்டுவந்தேன். இன்னொரு தடவை முடியாது என்று எனக்குத் தெரியும்.

“பாடு!” என்று கத்தினேன்.

பாடினான். என் சத்தத்துக்குப் பயந்துதான் பாடினான் என்று நினைக்கிறேன். முதல் சொல், இரண்டாவது சொல், வழக்கமாக மூச்சு தீரும் இடம். அதைத் தாண்டினான். தாண்டியது அவனுக்கே தெரியாமல் தாண்டினான். வரி முடிந்தும் மூச்சு மிச்சம் இருந்தது. கடைசிச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குள்ளும் போனான். தரை துடைத்த பெண் துடைப்பானைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அங்கே என் கை விழுந்தது. நான் நிறுத்தவில்லை, அது விழுந்தது. டேப் சுற்றிய குச்சியோடு தொடையின் பக்கம் தொங்கியது. காலும் இடது கையும் மட்டும் கொஞ்ச தூரம் ஓடி நின்றன.

கூடத்தின் மறுகோடியிலிருந்து டிரைவர் சாதாரணமாகச் சொன்னார்: “அண்ணே, இதுதான பழைய ஸ்பீடு?”

கம்பி வாய்க்குள் தாளத்தை எண்ணிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். முதல் தடவையாக அவனுக்குக் கேலி எதுவும் வரவில்லை.

“நெனச்சேன்” என்றார் சாமியார்.

“நெனச்சீங்களா? அப்ப ஏன்யா சொல்லல?” என்று கம்பி சீறினான்.

“யாரும் கேக்கல.”

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்பு போய்க்கொண்டே இருந்தது. மெல்ல அடங்கியது. அதன் பிறகு அவன் என் பக்கம் நடந்து வந்தான்.

“எந்த ஊர்லேர்ந்து?”

“மூணாவது.”

“மூக்குல குழாய் விட்டது?”

“ஒன்பதாவது.”

“அப்ப உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“பக்கத்துல நின்ன.”

“ஆமா.”

“ரத்தத்தத் துடைச்ச.”

“ஆமாண்ணா.”

அவன் கையை ஓங்குவான் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். கதவு சரியாக மூடவில்லை. அண்ணியிடம் போனில் பேசுவது கேட்டது. “ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமே இல்ல” என்று அழுதான். பிறகு நெடுநேரம் அண்ணி பேசியிருக்க வேண்டும். கடைசியில் அவன், “இல்ல, அவகிட்ட நீ பேசாத. அவ பேர எடுக்காத” என்றான்.

டேப்பைப் பிரிக்கக் கம்பி உதவினான். தோலோடு ஒட்டியிருந்தது. “வலிக்குதா இடி?” என்று கேட்டான். “தெரியல” என்றேன். அது உண்மை.

அண்ணன் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். என்னைப் பார்க்காமல் எல்லோரிடமும் பேசினான்: “இவளுக்குக் கை போச்சு. நமக்கு முன்னாடி மேடையில வாசிக்கிற உள்ளூர்ப் பசங்களோட டிரம்மர்கிட்ட கேட்டேன். நாளைலேர்ந்து மிச்ச ஊருக்கெல்லாம் வர்றேன்னான். இன்னிக்கு அவனுக்குப் பாட்டு தெரியாது, அதனால இன்னிக்கு இவதான்.” பிறகு என்னிடம்: “எந்த நம்பர்ல உன்னால முடியும்? பொய் சொல்லாம சொல்லு.”

பெட்டியை எடுத்துக்கொண்டேன். இடது கையை மேலே கொண்டுவந்து, வலது கையைக் குறைந்த வேலைக்குத் தள்ளி, இப்படியும் அப்படியும் அடித்துப் பார்த்தேன். நான்கு பேரும் நின்று பார்த்தார்கள். நூற்று நாற்பது முடியவில்லை. முப்பது முடியவில்லை. நூற்று இருபத்தைந்தில் குச்சி கீழே விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை, நானே எடுத்தேன்.

“நூத்திப் பதினாறு” என்றேன்.

அண்ணன் பாட்டு வரிசை எழுதிய தாளில் ‘ஐம்பத்திரண்டை’ அடித்துவிட்டுப் ‘பதினாறு’ என்று எழுதினான்.

ஏழு மணிக்கு முந்நூறு பேர் வந்திருந்தார்கள். கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் ஆடத் தயாராகக் கையைத் தூக்கியவர்கள் தாளம் பிடிபடாமல் கையை இறக்கினார்கள். ஒருவன், “தூங்கிட்டீங்களா?” என்று கத்தினான். வரி வந்தது. பதினாறரை விநாடி. அவனால் ஒரே மூச்சில் முடியாது. அண்ணன் நடுவில் நிறுத்தினான். எல்லோருக்கும் தெரியும்படி மூச்சை இழுத்தான். மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு மிச்சத்தைப் பாடினான். ஒளித்து மறைக்காமல் அவன் எடுத்த அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே நான் பின்னால் பதினாறில் அடித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் சிலர் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புவது தெரிந்தது.

காலையில் வேன் என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கியது. என் இருக்கையில் புதியவன் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். “அக்கா, ஸ்டூலோட உயரத்த மாத்திட்டேன், பரவால்லயா?” என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். கம்பி கட்டிப்பிடித்தான். சாமியார் இரண்டு கண்களையும் திறந்து தலையசைத்தார்.

அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரைக்கும் வந்தான். பையை மேலே வைத்தான். இறங்கப் போனவன் நின்றான்.

“கையக் குடு.”

கொடுத்தேன். என் சுண்டுவிரலைப் பிடித்து அழுத்தினான்.

“தெரியுதா?”

“இல்ல.”

நகம் வெளுக்கும்வரை அழுத்தினான். “இப்ப?”

“இல்லண்ணா.”

விட்டுவிட்டான். “ஊருக்குப் போனதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. போன் பண்ணாத. பண்ணணும்னு தோணினா நானே பண்றேன்” என்றான். இறங்கிப் போனான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேன் பக்கம் போய் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். டிரைவர் வண்டியை எடுத்தார். என் பேருந்து கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.